தோமியே தீட்டிய தகதா வாள்

கணவன் கோஸோ வீட்டை விட்டுப் போனபோது காரை எடுத்துக்கொண்டு போனான்; கற்களை விட்டுவிட்டுப் போனான். அவன் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்பது தோமியேயின் கட்சி. வாள் தீட்டுகிற வீட்டில் கல்தான் சொத்து. கியோத்தோப் பக்கத்து மலைகளில் வெட்டியெடுத்த கற்கள், சொரசொரப்பானதிலிருந்து வழவழப்பானது வரை, மரத்தொட்டி ஓரமாக வரிசைகட்டி இருந்தன. அந்தக் காரோ, அவன் போய்ச் சேர்ந்த பெப்பு ஊரின் வெந்நீர் ஊற்று ஆவியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று மீன்காரி குமே வந்து சொன்னாள். தோமியே சிரிக்கவில்லை. ஆனால் அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

போனவன் பெப்புவில் மதுக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு போனான். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் ஊரான சுருசாகியில் தெருவுக்கு நாலு பேர் தோமியேவுக்குப் புத்தி சொல்ல வந்தார்கள். கற்களை விற்றுவிடு, அண்ணன் வீட்டோடு போய் இரு, பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்று ஆளுக்கொரு யோசனை. கோஸோவின் தம்பி யோசனையோடு நிற்காமல், கற்களை ஏற்றிப் போக ஒரு லாரியோடே வந்துவிட்டான். அவளோ கிமோனோக் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கல்லை அழுத்திப் பிடிக்கும் கட்டையை வலது காலால் மிதித்தபடி குமேயின் மீன் வெட்டும் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள். கல்லை எடுக்க வேண்டுமானால் முதலில் அவள் காலை எடுக்க வேண்டும். அண்ணியின் காலைப் பிடித்து இழுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. லாரி வாடகை தண்டமாகப் போனது.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வாள் தீட்டுவதில் அடிவேலை, மேல்வேலை என்று இரண்டு. துருவை எடுத்து, வளைவும் விளிம்பும் கெடாமல் வாளின் உருவத்தை மீட்டுக் கொடுப்பது அடிவேலை. இடுப்பை ஒடிக்கும், முழங்காலைத் தின்னும். அதற்குப் பிறகு நகத்தளவு கல் சீவல்களைக் கட்டைவிரலால் தேய்த்து, இரும்பின் இழையையும் கூர் ஓரத்து வெள்ளைக் கோட்டையும் துலக்கிக் காட்டுவது மேல்வேலை. பார்க்கிறவர்கள் வாய் பிளப்பது இதற்குத்தான். கோஸோவுக்கு முழங்கால் வலி. ஆகவே கல்யாணமான மறுவருடத்திலிருந்தே அடிவேலை அவளுடையது, மேல்வேலையும் பெயரும் அவனுடையவை. அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்துப் பார்த்தே மேல்வேலையையும் அவள் கற்றுக்கொண்டாள். அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் போன பிறகு, வாசலில் தொங்கிய ‘ஹஸாமா கோஸோ’ என்ற பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி மாட்டினாள். வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேரைக் காணவில்லை. மீதிப் பாதியையும் மீன் சந்தைக் கத்திகளையும் வைத்துக்கொண்டு அவள் காலம் தள்ளினாள். யார் வந்து என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ‘மாட்டேன்’ என்பதால், சந்தையில் அவளுக்கு ‘மாட்டேன் அம்மா’ என்றே பெயர் விழுந்தது. அந்தப் பட்டத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

1978ஆம் வருடம் மழைக்காலம் முடிந்து கோடை தொடங்குகிற சமயத்தில் உசுகியிலிருந்து கஜிவாரா வந்தார். உசுகியில் பெரிய சோயாச் சாறு ஆலை அவருடையது. அந்த வட்டாரத்து வாள் ரசிகர்கள் கூடும் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். கொண்டுவந்த வாள் நுனியிலிருந்து அடிவரை துருவேறியிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூஜித்ததன் பலன் அது. கியோத்தோவில் நானூறு வருடத்துக்கு முன் இருந்த ஒரு பெரிய கொல்லர் அடித்த வாள் என்றும், பஞ்ச காலத்தில் தன் கொள்ளுத்தாத்தா நெல் கொடுத்து உதவியதற்காக உசுகிப் பிரபு தம் கையாலேயே எடுத்துக் கொடுத்த பரிசு என்றும் சொன்னார். இந்தக் கதையை அவர் இதற்கு முன் நூறு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் பழகியிருந்தது. முதலில் குமாமோத்தோவில் ஒரு தீட்டுகாரரிடம் கொடுத்தாராம். அவர் நேரமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

தோமியே வாளுக்குத் தலைவணங்கிவிட்டு, பிடியில் செருகியிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தாள். வாளைப் பிடித்த தன் மணிக்கட்டில் மறுகையால் இலேசாகக் குத்தியதும் பிடி கழன்று வந்தது. பிடிக்குள் மறைந்து கிடக்கும் காம்பில்தான் கொல்லன் தன் பெயரை வெட்டுவான். வாளின் உடம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டலாம். காம்பின் துருவை மட்டும் யாரும் தொடக் கூடாது. வாளுக்கு வயசு சொல்வது அதுதான். பெரிய பெயர் பெரிதாகவே வெட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். காம்பு முழுக்க ஊறிப்போன கறுப்புத் துரு. எழுத்துகளின் பள்ளத்துக்குள் மட்டும் துரு இளசாக, சிவப்போடியிருந்தது. பெயர் பிறகு வந்து சேர்ந்தது.

குமாமோத்தோக்காரருக்கு ஏன் நேரமில்லாமல் போனது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அப்போதே வாயைத் திறக்கவில்லை. காம்பு ஒன்று சொன்னால் போதாது, உடம்பும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கை அகலம் மட்டும் தீட்டித் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூறி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு கை அகலத்துக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது கூர் ஓரத்தில் விழுகிற வெள்ளைக் கோடு, பதக்கோடு, ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கியோத்தோக் கொல்லரின் கோடு நேராக, சத்தமில்லாமல் போகும். இந்த வாளிலோ கோடு ஏறி இறங்கி, முரட்டுத்தனமாகப் புரண்டு, இடையிடையே வெள்ளைப் பொடி சிந்தியதுபோல் இறைத்துக்கொண்டு ஓடியது. இரும்பின் இழை கூர் ஓரத்தை ஒட்டி நேராக நீண்டு கிடந்தது. தோமியே கல்லைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இந்த இழையை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். சுருசாகியிலிருந்து ஆற்றங்கரையோடு நடந்தால் வருகிற தகதா ஊர் இரும்பு அது.

தகதா என்றாலே ரசிகர்கள் முகம் கோணும். சிப்பாய்களுக்காகக் கட்டுக் கட்டாக அடித்துப் போட்ட வாள், வளையாது, உடையாது, வெட்டும், அவ்வளவுதான். அழகு பார்க்க அதில் என்ன இருக்கிறது என்பார்கள். மண்வெட்டியைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவார்கள். தோமியே அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கொதித்தவள். ஆனால் இந்த வாளைப்போல ஒரு தகதா வாளை அவளும் பார்த்ததில்லை. அடித்தவன் யாரோ, அவன் அன்றைக்கு யாருக்கும் கட்டுப்படாமல் அடித்திருக்கிறான். வாளின் முதுகில், கூருக்கு எதிர் விளிம்பில், வேறொரு வாளின் வெட்டு ஒன்று ஆழமாகப் பதிந்திருந்தது. சண்டையில் பட்ட அந்தக் காயத்தை எந்தத் தீட்டுகாரரும் தேய்த்து அழிக்க மாட்டார். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

சொல்லியனுப்பியதும் கஜிவாரா வந்தார். தேநீர் வைத்துவிட்டு, திறந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டிச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஐயா, இது அந்தப் பேர்க்காரர் அடிச்ச வாள் இல்லை. இது நம்ம தகதா வாள். பேரை யாரோ பின்னால வெட்டியிருக்காங்க.”

கஜிவாரா தேநீரைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைத் தட்டில் வைத்துச் சரியாகத் திருப்பினார்.

“ஊர்ப் பாசத்துல பேசறீங்க, தோமியேம்மா.”

“பாசம்தான். பழகின முகம், அதான் பார்த்ததும் தெரியுது.”

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியமும் படவில்லை. அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. இலையுதிர்காலத்தில் சங்கக் கூட்டம் தன் ஆலை மாடியில் நடக்கப்போவதையும், தோக்கியோவிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் விருந்தாளியாக வருவதையும், அதன் பிறகு வாள் உசுகிக் கோவில் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர்ப் பலகையோடு வைக்கப்படப்போவதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“மேல்வேலையில வெள்ளை ஏத்தறது உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கோட்டுக்கு மேலயே நேரா, அமைதியா ஒரு கோடு வரைஞ்சிடுங்க. வாளுக்கு ஏத்த மாதிரி தீட்ட வேண்டாம். பேருக்கு ஏத்த மாதிரி தீட்டுங்க.”

“மாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாலும் மாட்டேன்தான். இதை அடிச்சவன் நல்லா அடிச்சிருக்கான் ஐயா. இது ஏன் இன்னொருத்தரா வேஷம் போடணும்?”

கல் சீவலால் தேய்த்து வெள்ளை ஏற்றினால், உண்மையான கோட்டை மூடி மேலே வேறு கோடு போட்டுக் காட்டிவிடலாம். அந்த வித்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கோஸோ வியாபாரிகளுக்காக அதைச் செய்தபோதெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். கஜிவாரா எழுந்திருக்கும்போது, கோஸோ இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்றார். உசுகியிலும் ஓயித்தாவிலும் வாள் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தன் சங்கத்துக்காரர்கள் என்பதையும் மெதுவாக நினைவுபடுத்தினார். மிரட்டல் என்று சொல்ல முடியாத அளவுக்கு மரியாதையாகத்தான் சொன்னார். வாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் வழிக்கு வருவாள் என்று நம்பினார்.

அடுத்த வாரமே சங்கத்துக்காரர் ஒருவர் தன் வாளைத் திரும்ப வாங்கிப் போனார். பிறகு இன்னொருவர். காரணம் யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நன்றாகத் தலைகுனிந்து வணங்கிவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் ஒரு பிற்பகலில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு கோஸோவே வந்து நின்றான்.

மனிதன் பருத்திருந்தான். கையில் வறுத்த சோயா மாவு புரட்டிய இனிப்புப் பொட்டலம். இத்தனை வருடம் கழித்து வருகிறவன் அவளுக்குப் பிடித்த பண்டத்தை ஞாபகம் வைத்திருந்தான் என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கஜிவாரா கூப்பிட்டுப் பேசினாராம். அவள் தேநீர் போட்டாள். அவன் பழைய பழக்கத்தில் நேராக வேலையிடத்துக்குப் போய், வாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரே பார்வைதான்.

“தகதா,” என்றான். வாளை மெல்லச் சாய்த்து நுனிவரை பார்த்தான். “அடேயப்பா, என்ன வாளுடி இது.”

“தெரியுதுல்ல. அப்புறம் என்ன?”

“தெரிஞ்சா என்ன பண்றது? அவருக்கு அந்தப் பேர் வேணும். நீ எப்பவும்போல அடிவேலையை முடி, நான் மேல வெள்ளை ஏத்திக் குடுத்துடறேன். நானும் இங்கேயே வந்துடறேன் தோமியே. அங்க சரிப்படலை. பலகையைப் பழையபடி திருப்பி மாட்டிக்கலாம்.”

“திருப்பிக்குங்க. அந்தப் பக்கத்துல இருக்கறதும் என் கையெழுத்துதான். உங்களுக்கு உங்க பேரை ஒழுங்கா எழுத வரலைன்னு நான்தானே எழுதிக் குடுத்தேன்.”

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

“என் வேலைக்கு உங்க பேர் போட்டீங்க, சும்மா இருந்தேன். அப்ப எனக்கு வாய் இல்லை. இந்த வாளுக்கும் வாய் இல்லை. ஆனா எனக்கு இப்ப இருக்கு.”

“பட்டினி கிடப்பே.”

“கிடக்கறேன். இனிப்பை வெச்சுட்டுப் போங்க.”

அவன் போன பிறகு அவள் உடனே கல்லின் முன் உட்காரவில்லை. உண்மையைச் சொல்வதானால் அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்த வேலையில் பாதி போயிற்று; மீதியும் போகும். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. அவன் ‘வந்துடறேன்’ என்று சொன்னபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இனிப்பை முழுக்கத் தின்றாள். மறுநாள் குமேயிடம் போய் மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைக்கச் சொன்னாள். அதை ஏற்பாடு பண்ணியதும் பயம் பாதி குறைந்துவிட்டது. திரும்பி வந்து தொட்டியில் தண்ணீர் மாற்றினாள்.

அதற்குப் பிறகு இலை பழுக்கும் வரை அவள் அந்த வாளோடுதான் இருந்தாள். கல் மாற்றிக் கல் மாற்றி, ஒரு கல்லின் கீறலை அடுத்த கல் விழுங்கும் வரை தீட்டினாள். மேல்வேலைக்கு வந்தபோது வெள்ளை ஏற்றும் வேலையை அறவே விட்டாள். கோடு எப்படிப் புரண்டதோ அப்படியே, சிந்தியது சிந்தியபடியே, ஒளிவுமறைவில்லாமல் தெரியும்படி பழைய முறையில் துலக்கினாள். முதுகுக் காயத்தைச் சுற்றி மட்டும் கை தானாக மெதுவானது. முடித்த அன்று வாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தபோது, இதைப் பார்த்துவிட்டு எவனாவது கியோத்தோ என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று உரக்கவே சொன்னாள். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை.

கூட்டத்தன்று காலை வாளை வாங்கிக்கொள்ள டிரைவரை அனுப்புவதாகக் கஜிவாரா வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. கோஸோ கைவிரித்துவிட்டதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, அடிவேலை முடிந்திருந்தாலே போதும், துருவில்லாமல் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். தோமியே டிரைவர் வேண்டாம், தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். வாளோடு சட்டப்படி இருக்க வேண்டிய பதிவுத் தாளை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, உறையிட்ட வாளை ஊதாத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ரயிலில் போனாள்.

உசுகி நிலையத்தில் இறங்கியதுமே சோயா கொதிக்கும் வாசனை. ஆலை வீட்டில் கஜிவாராவின் மனைவி அவளைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போய், வாளை மேலே அனுப்பிவிட்டு, சமையலறையில் உட்காரச் சொன்னாள். மாடிக்குத் தேநீர் கொண்டுபோக ஆள் போதவில்லை என்று கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டும் கைக்கு வந்தது. தோமியே தட்டை வாங்கிக்கொண்டாள். மாடிக்குப் போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

மேலே பத்துப் பதினைந்து ஆண்கள் முழங்காலிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சங்கத்தில் வழக்கம் இதுதான்: வாளின் காம்பைத் துணியால் சுற்றிப் பெயரை மறைத்துவிட்டு, உடம்பை மட்டும் பார்க்கக் கொடுப்பார்கள். பார்த்தவர் இது இன்னார் அடித்தது என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டில் போட வேண்டும். வாளுக்கு உடையவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்வார். இல்லை என்றால் வேறு பெயர் யோசித்து மறுபடி எழுதலாம். ஆளுக்கு மூன்று சீட்டு. போட்ட சீட்டுக்குப் பதில் சொல்லாமல் விடுவது என்பது கிடையாது.

தோமியே வாசலோரம் தட்டோடு உட்கார்ந்தபோது கஜிவாரா தன் வாளை உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். பாதி வந்ததும் அவர் கை நின்றது. வெள்ளை ஏற்றாத முரட்டுக் கோடு ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று புரண்டது. அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. விருந்தாளி எதிரே உட்கார்ந்திருக்க, இன்றைய முக்கிய வாள் என்று ஊரெல்லாம் சொன்ன வாளைத் திரும்ப உறையில் போடவா முடியும்? மேடையில் வைத்து நகர்ந்துகொண்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள், வணங்கினார்கள், தூக்கிப் பார்த்தார்கள். அவர்களும் குருடர்கள் இல்லை. ஒருவர் புருவம் சுருங்கியது, இன்னொருவர் பக்கத்து ஆளைக் கடைக்கண்ணால் பார்த்தார். ஆனால் கஜிவாரா வீட்டு வாள் யார் அடித்தது என்பது அவர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். விருந்து போடுகிறவர் வீட்டில் வேறு பெயர் எழுத யாருக்கு மனம் வரும்? சீட்டுகள் தட்டில் விழுந்தன. கஜிவாரா ஒவ்வொன்றாகப் பிரித்து ‘சரி’, ‘சரி’, ‘சரி’ என்று சொல்லிக்கொண்டே போனார். தோக்கியோ விருந்தாளி மட்டும் வாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, தான் இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லித் தன் சீட்டை எழுதாமலே பக்கத்தில் வைத்துக்கொண்டார். ‘எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்’ என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அந்த மரியாதைதான் தோமியேவுக்குத் தாங்கவில்லை. ஒரு நல்ல வாளை நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணுள்ள இத்தனை பேர் சேர்ந்து அதை இல்லையென்று ஆக்குகிறார்கள். தட்டைக் கீழே வைத்தாள். முழங்காலாலேயே முன்னால் நகர்ந்து வந்து, தலைவணங்கினாள்.

“எனக்கும் ஒரு சீட்டு வேணும்.”

இந்தச் சங்கத்தில் பெண்கள் சீட்டுப் போடக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்டவர் யாருமில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். தோக்கியோ விருந்தாளி தன் பக்கத்தில் இருந்த வெற்றுச் சீட்டுகளையும் தூரிகையையும் அவள் பக்கம் தள்ளி வைத்தார். விருந்தாளியே தள்ளிய பிறகு யார் என்ன சொல்வது?

அவள் எழுதித் தட்டில் போட்டாள். கஜிவாரா பிரித்தார். தகதா என்று இருந்தது.

“இல்லை,” என்றார்.

அவள் இரண்டாவது சீட்டை எடுத்து எழுதிப் போட்டாள். யோசிக்கவில்லை. கஜிவாரா பிரித்தார். அதிலும் தகதா. ‘இல்லை’ வாங்கியவர் அதே பெயரைத் திரும்ப எழுதுவது என்பது இந்தச் சங்கத்தில் நடந்ததே இல்லை. அது கேள்விக்குப் பதில் எழுதுவதாகாது, பதில் சொல்கிறவரைப் பொய்யர் என்று எல்லோர் முன்னாலும் சொல்வதாகும். அருகில் இருந்து எட்டிப் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இல்லை,” என்றார் கஜிவாரா. பிறகு அவளிடம் மட்டும் பேசுவதுபோல், “தோமியேம்மா, இன்னும் ஒரு சீட்டுதான் இருக்கு. நல்லாப் பார்த்து எழுதுங்க,” என்றார்.

“பார்க்க வேண்டியதை நான் கோடை முழுக்கப் பார்த்தாச்சு ஐயா. நீங்க நல்லாப் பார்த்துப் பதில் சொல்லுங்க.”

மூன்றாவது சீட்டை அவள் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக எழுதினாள். மடிக்கக்கூட இல்லை. எல்லோருக்கும் தெரியும்படி தட்டில் விரித்து வைத்துவிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு ‘இல்லை’ வந்தால் எழுந்து போக வேண்டியதுதான். அதன் பிறகு கண்ணாடிப் பெட்டி, பெயர்ப் பலகை, இந்த வாள் என்றைக்கும் வேறொருவனாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

கஜிவாரா சீட்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். பிறகு வாளைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவர் பூட்டி வைத்துப் பூஜித்த வாளை, துருவில்லாமல் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே ஆலையில் யாரோ தொட்டியைக் கிளறும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றார்.

தான் சொன்னது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல் அவர் மறுபடி சொன்னார்.

“சரி. தகதாதான். யாரும் பரிசாக் குடுத்ததும் இல்லை. வாள் கட்டிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த வருஷம் எங்க கொள்ளுத்தாத்தா ஓயித்தாவுல பழைய சாமான் கடையில வாங்கினார். பேரை அப்புறம் ஆள் வெச்சு வெட்டினார். எங்கப்பா சாகப்போற சமயத்துல எங்கிட்ட சொன்னார்.”

சீட்டுப் போட்டு ‘சரி’ வாங்கியவர்கள் எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோமியே ரயிலில் வரும்போதே சுடச்சுடச் சொல்வதற்கென்று நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை.

“வாளைக் கட்டுக் கட்டாக் கட்டி, இரும்பு விலைக்கு வித்த காலம் அது. அந்தக் குவியல்ல இதைப் பொறுக்கி எடுத்திருக்கார் உங்க கொள்ளுத்தாத்தா. எப்பேர்ப்பட்ட கண்ணு அவருக்கு! பெருமை அதுல இருக்கு ஐயா. அதையே சொல்லியிருக்கலாமே, இத்தனை வருஷமா.”

கஜிவாரா வாளை இரண்டு கையாலும் எடுத்து மடியில் கிடத்தினார். காம்பில் சுற்றியிருந்த துணியைத் தானே அவிழ்த்து, பொய்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார்.